பேராமையின் வழியும் வாழ்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலாமை ஆய்வைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். வழி அறியும் திறனைப் பற்றிய பதில்கள் மட்டும் நீளும். எழுபது ஆண்டு உழைப்பு அங்கேதான் கிடக்கிறது. எனக்கும் மனம் அங்கேதான் நிற்கிறது.

பேராமை என்பது எது? அதைப் பச்சை ஆமை என்று ஏன் சொல்கிறார்கள்?

கடலில் வாழும் ஏழு ஆமை இனங்களுள் ஒன்று பேராமை. அறிவியல் பெயர் கெலோனியா மைடாஸ். ஓட்டின் நிறம் பழுப்பாகவும் சாம்பலாகவும் கறுப்பாகவும்கூட இருக்கும். பச்சையாக இருப்பது அதன் உடல் கொழுப்பு. வளர்ந்த பிறகு கடற்புல்லையும் பாசியையும் முதன்மை உணவாகக் கொள்ளும் ஒரே கடலாமை இதுதான். அந்தப் பச்சைக்கும் அந்த உணவுதான் காரணம். முழு வளர்ச்சி அடைந்த ஆமையின் ஓடு ஒரு மீட்டர் நீளத்தை எட்டும், எடை 100 கிலோவைத் தாண்டும்.

இவை நெடுந்தூரம் பயணம் செய்கின்றன என்று முதலில் எப்படித் தெரிந்தது?

முன்துடுப்பில் மாட்டிய ஒரு சிறிய உலோகப் பட்டையால் தெரிந்தது. அமெரிக்க விலங்கியலாளர் ஆர்ச்சி கார், 1955இல் கோஸ்டா ரிகாவின் டோர்ட்டுகேரோ கடற்கரையில், முட்டையிட ஏறிய ஆமைகளுக்கு எண் பொறித்த பட்டைகளை மாட்டத் தொடங்கினார். திருப்பி அனுப்பவேண்டிய முகவரியும் சன்மான அறிவிப்பும் அதில் இருந்தன. கரிபியன் கடல் முழுவதிலுமிருந்து மீனவர்களின் கடிதங்கள் வந்து சேர்ந்தன. எந்த ஆமை எங்கே பிடிபட்டது என்பதை வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோதுதான், ஒரே கரையில் முட்டையிடும் ஆமைகள் பல நாடுகளின் கடலோரங்களில் மேய்கின்றன என்பது புலப்பட்டது. அந்தக் கரையில் தொடங்கிய பட்டையிடும் பணி இன்றுவரை தொடர்கிறது.

ஆர்ச்சி காரை வியப்பில் ஆழ்த்தியது அசென்ஷன் தீவு. தென் அட்லாண்டிக்கின் நடுவே சுமார் 13 கி.மீ. அகலமுள்ள எரிமலைத் தீவு அது. 1960இல் அங்கே பட்டையிட்ட ஆமைகள் பின்னாளில் பிரேசில் கரையோரத்தில் கிடைத்தன. இடைப்பட்ட தூரம் 2,200 கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் தரை என்று எதுவும் கிடையாது. மேய்ச்சல் நிலத்திலிருந்து கிளம்பி அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்து, முட்டையிட்டுத் திரும்புகின்றன. அந்த வியப்பிலிருந்துதான் பிற்கால ஆய்வுகள் பலவும் பிறந்தன.

ஆமை போகும் பாதையைக் கண்ணால் பார்க்கவும் கார் முயன்றார். ஆமையின் பின்னே மிதவையைக் கட்டி, அதன்மேல் பலூனைப் பறக்கவிட்டுத் தொடர்ந்தார்கள். செயற்கைக்கோள் அலைபரப்பிகள் வந்த பிறகுதான் முழுப் பாதையும் கிடைத்தது. ஆமை மூச்சுவிட மேலே வரும் சில நொடிகளில், ஓட்டில் ஒட்டிய கருவி தன் இருப்பிடத்தை வானுக்குச் சொல்லிவிடுகிறது. சாகோஸ் தீவுக்கூட்டத்தில் இப்படிக் கருவி பொருத்திய பேராமை ஒன்று, இந்தியப் பெருங்கடலைக் கடந்து சோமாலியக் கரைவரை 3,979 கி.மீ. நீந்தியதை 2014இல் வெளியான ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

தான் பிறந்த கரைக்கே திரும்பி வந்து முட்டையிடுகிறதா?

பெரும்பாலும் ஆம். ஆனால் இதை நிறுவுவது எளிதாக இருக்கவில்லை. உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுக்கு மாட்டிய பட்டை, அது வளர்ந்து திரும்பும் வரை, அதாவது இருபத்தைந்து முப்பது ஆண்டுகள், தாக்குப்பிடிக்காது. மூத்த ஆமைகளைப் பின்தொடர்ந்து புதியவையும் வந்து வழக்கப்படுத்திக்கொள்கின்றன என்ற மாற்று விளக்கமும் அப்போது வலுவாக இருந்தது. தாய்வழி மட்டுமே கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைக் கொண்டு 1990இல் இதைச் சோதித்தார்கள். வெவ்வேறு முட்டையிடும் கரைகளின் பெண் ஆமைகள் வெவ்வேறு தாய்வழிகளைச் சேர்ந்தவை என்று தெரியவந்தது. மேய்ச்சல் நிலத்தில் எல்லாம் கலந்து மேய்ந்தாலும், முட்டையிடத் தத்தம் தாய் வந்த கரைப்பக்கமே திரும்புகின்றன. ஆனால் அதே மணல்மேட்டுக்கு வருவதாக எண்ணிவிடக்கூடாது. ஒரு கரைப்பகுதி என்று சொல்வதே சரி.

மணலிலிருந்து வெளிவரும் குஞ்சுக்குக் கடல் இருக்கும் திசை எப்படித் தெரிகிறது?

முதலில் வெளிச்சம். இரவில் கடற்பக்கத்து அடிவானம் நிலப்பக்கத்தைவிடச் சற்று வெளிச்சமாகவும் தாழ்வாகவும் இருக்கும்; குஞ்சு அதை நோக்கி ஓடுகிறது. வளர்ந்த பெண் ஆமையும் கடலுக்குத் திரும்பக் கண்ணைத்தான் நம்புகிறது. 1960களில் டேவிட் எரன்ஃபெல்டும் காரும் ஆமைகளுக்கு நிற வடிகட்டி கொண்ட கண்ணாடிகளை மாட்டி இதைச் சோதித்துப் பார்த்தார்கள். விளக்குகள் நிறைந்த கரையில் குஞ்சுகள் சாலைப்பக்கம் ஓடி மடிவதற்கும் இதுவே காரணம்.

நீரில் இறங்கியதும் வெளிச்சத்தின் வேலை முடிகிறது. அங்கே அலை வழிகாட்டுகிறது. ஆழம் குறைந்த நீரில் அலைகள் எப்போதும் கரையை நோக்கியே திரும்பும். அவற்றை எதிர்த்து நீந்தினால் ஆழ்கடல். இருட்டிலும்கூட, அலை தன் உடலை ஆட்டும் விதத்தை வைத்துக் குஞ்சு திசையை உணர்ந்துகொள்கிறது. கரையைவிட்டு விலகிய பின் அலையை நம்ப முடியாது. அதற்குள் பிடித்துவைத்த திசையைக் காந்தப்புலத்தின் துணையோடு தக்கவைத்துக்கொள்கிறது. ஓடத் தொடங்கிய முதல் இரவிலேயே இந்த மூன்று வழிகாட்டிகளும் ஒன்றிடமிருந்து ஒன்று பொறுப்பை ஏற்றுக்கொள்கின்றன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

பூமியின் காந்தப்புலத்தை ஆமை உணர்கிறது என்பதற்கு என்ன சான்று?

வட கரோலைனா பல்கலைக்கழகத்தின் கென்னத் லோமனும் அவருடைய குழுவினரும் செய்த சோதனைகளே முதன்மையான சான்று. நீர்த்தொட்டியைச் சுற்றிப் பெரிய கம்பிச் சுருள்களை அமைத்து, மின்சாரம் பாய்ச்சி, தொட்டிக்குள் எந்த ஊரின் காந்தப்புலத்தை வேண்டுமானாலும் உருவாக்கினார்கள். 1990களின் தொடக்கச் சோதனைகள் பெருந்தலை ஆமை என்ற இன்னொரு கடலாமை இனத்தின் குஞ்சுகளிடம் நடந்தன. புலத்தின் திசையைத் திருப்பினால் குஞ்சும் திரும்பியது. புலத்தின் சாய்கோணத்தையும் (புலக்கோடுகள் தரையோடு அமைக்கும் கோணம்) வலிமையையும் அது தனித்தனியே வேறுபடுத்தி அறிகிறது என்பது பின்னர் உறுதியானது. இந்த இரண்டும் பூமியில் இடத்துக்கு இடம் மாறுபவை. ஆகவே அவற்றை உணரும் உயிருக்குத் திசைகாட்டி மட்டுமல்லாமல் ஒருவகை வரைபடமும் வாய்க்கிறது.

பேராமையிடம் இதைக் காட்டிய சோதனை 2004இல் வெளியானது. புளோரிடா கடலோரத்தில் மேயும் இளம் ஆமைகளைப் பிடித்து, சேணம் பூட்டித் தொட்டியில் நீந்தவிட்டார்கள். அந்த இடத்துக்கு வடக்கே சுமார் 340 கி.மீ. தொலைவில் நிலவும் காந்தப்புலத்தைத் தொட்டிக்குள் உண்டாக்கியதும், ஆமைகள் தெற்கு நோக்கி நீந்தின. தெற்கே அதே தொலைவிலுள்ள புலத்தைக் காட்டியபோது வடக்கே நீந்தின. உண்மையில் அவை ஓரடிகூட நகர்த்தப்படவில்லை. தாங்கள் வேறிடத்தில் இருப்பதாக உணர்ந்து, வீட்டுத் திசையைத் தேடியிருக்கின்றன.

முட்டையிடும் கரையை அடையாளம் காண்பதிலும் காந்தப்புலத்துக்குப் பங்கு உண்டு. குஞ்சாக இருந்தபோது கரையின் காந்த முத்திரையை, அதாவது அந்த இடத்துக்கே உரிய சாய்கோணத்தையும் வலிமையையும், மனத்தில் பதித்துக்கொள்கின்றன என்பது கருதுகோள். பூமியின் காந்தப்புலம் ஆண்டுதோறும் சற்றே நகர்வதால், கரையோர முத்திரைகள் சில இடங்களில் நெருங்கும், சில இடங்களில் விலகும். புளோரிடாவின் 19 ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான கட்டுரை, முத்திரைகள் நெருங்கிய இடங்களில் முட்டைக்குழிகளும் நெருங்கியதைக் காட்டியது. அது பெருந்தலை ஆமைகளின் கணக்கு; பேராமைக்கும் பொருந்தும் என்று நம்ப இடமுண்டு.

உடலின் எந்த உறுப்பால் உணர்கிறது?

இன்னும் கண்டறியப்படவில்லை. உடலுக்குள் இருக்கும் நுண்ணிய காந்தத் துகள்கள் காரணமா, ஒளியால் தூண்டப்படும் வேதிவினையா என்பது திறந்த கேள்வி. திசைகாட்டியும் வரைபடமும் இருவேறு வழிமுறைகளால் இயங்கலாம் என்பதற்கான சான்றுகள் 2025இல் பெருந்தலை ஆமைகளிடம் கிடைத்தன. வானொலி அலைவரிசை அலைகளைச் செலுத்தியபோது திசையறிவு குலைந்தது. இட நினைவு குலையவில்லை.

அப்படியானால் அவை வழி தவறுவதே இல்லையா?

தவறுகின்றன, அடிக்கடி. ஆமைகளுக்குப் பிழையற்ற வழிகாட்டி பிறவியிலேயே அமைந்திருக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். அது ஆய்வின் முடிவுக்கு நேர் எதிரானது.

கிரேம் ஹேஸ் குழுவினர் சாகோஸ் தீவுக்கூட்டத்தின் டியேகோ கார்சியாவில் முட்டையிட்ட பேராமைகளைப் பின்தொடர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். தனித்தனித் தீவுகளிலுள்ள மேய்ச்சல் நிலங்களை நோக்கிக் கிளம்பிய ஆமைகளுள் சில, இலக்கைத் தாண்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விட்டன. பின்பு நடுக்கடலில் திரும்பி, தேடி, அலைந்து, கடைசியில் போய்ச் சேர்ந்தன. அதே குழு 2022இல் பதிவுசெய்த அழுங்காமை (இன்னொரு கடலாமை இனம்) ஒன்று, 176 கி.மீ. தொலைவிலிருந்த தீவை அடைய 1,306 கி.மீ. நீந்தியது. ஆமையிடம் இருப்பது தோராயமான வரைபடம். அது பெருங்கடலின் சரியான பகுதிக்குக் கொண்டுபோய்விடும். தீவின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தாது.

கடைசிக் கட்டத்துக்கு வேறு துணைகள் வேண்டும். அசென்ஷனில் முட்டையிட்ட ஆமைகளைப் படகில் ஏற்றி, தீவைவிட்டுத் தள்ளிக் கடலில் விட்டுப் பார்த்தார்கள். 2003இல் அந்த முடிவு வெளியானது. தீவிலிருந்து காற்று வீசும் பக்கத்தில் விடப்பட்டவை சில நாள்களில் திரும்பிவிட்டன. எதிர்ப்பக்கத்தில் விடப்பட்டவை வாரக்கணக்கில் திணறின. காற்றில் வரும் ஏதோ ஒன்று, அநேகமாகத் தீவின் வாசனை, உதவுகிறது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

காந்தத்துக்கு எதிரான சான்றும் ஒன்று உண்டு. அதை மறைக்காமல் சொல்லவேண்டும். 2000இல் இத்தாலிய ஆய்வாளர் ஃப்ளோரியானோ பாப்பியும் குழுவினரும், அசென்ஷனிலிருந்து பிரேசில் திரும்பும் பேராமைகளின் உடலில் காந்தங்களைப் பொருத்தினார்கள். காந்தம் இல்லாத ஆமைகளைப் போலவே அவையும் நேராகப் போய்ச் சேர்ந்தன. ஆனால் மொசாம்பிக் கால்வாயில், முட்டையிடும் கரையிலிருந்து அகற்றிக் கடலில் விடப்பட்ட ஆமைகளைப் பற்றிய 2007ஆம் ஆண்டு ஆய்வில், காந்தம் சுமந்தவை கூடுதலாகச் சுற்றியலைந்தே வீடு திரும்பின. இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு வழிகாட்டி கெட்டால் இன்னொன்றைக் கைக்கொள்ளும் உயிராகவே எனக்கு இது தெரிகிறது. பிழையே செய்யாத உயிரைவிட, பிழையைத் திருத்திக்கொண்டு வீடு சேரும் உயிர்தான் ஆய்வாளருக்குப் பாடம் சொல்லித்தருகிறது.

குஞ்சுகள் முதல் சில ஆண்டுகள் எங்கே இருக்கின்றன?

ஆமையியலில் இதற்கு ‘தொலைந்த ஆண்டுகள்’ என்று பெயர். கரையைவிட்டுப் போன குஞ்சு, தட்டு அளவுக்கு வளர்ந்து மேய்ச்சல் நிலத்துக்கு வரும்வரை கண்ணில் படுவதில்லை. சிறிய ஓட்டில் கருவி ஒட்டினால் ஓடு வளர வளரக் கழன்றுவிடும். கேட் மான்ஸ்ஃபீல்ட் குழுவினர் கைந்நகங்களுக்குப் பூசும் அக்ரிலிக் பூச்சை அடித்தளமாக ஓட்டில் பூசி, அதன்மேல் சூரிய ஒளியால் இயங்கும் சிறு கருவியை ஒட்டினார்கள். 2021இல் வெளியான முடிவின்படி, அட்லாண்டிக்கின் இளம் பேராமைகளுள் பல, நீரோட்டத்தைவிட்டு விலகி, மிதக்கும் சர்காசம் பாசி நிறைந்த சர்காசோ கடலுக்குள் சென்றன. நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் போகும் சருகுகளாக அவற்றைக் கருதிய காலம் போய்விட்டது.

வளர்ந்த ஆமை நாளெல்லாம் என்ன செய்கிறது?

மேய்கிறது, ஓய்வெடுக்கிறது. மேயும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வரும். பாறையடியில் உறங்கும்போது மணிக்கணக்கில் மூச்சடக்கி இருக்கும்.

இந்த எளிய வாழ்விலும் கணக்குப் பார்க்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் மைக்கேல் ஹைட்டாஸ் குழுவினர் கண்டது இது: உடல்நலம் நன்றாக உள்ள ஆமைகள், புலிச்சுறா குறைவாக வரும் இடங்களில், தரம் குறைந்த புல்லையே மேய்ந்து திருப்திப்பட்டன. மெலிந்த ஆமைகள்தான் சத்துள்ள புல்லுக்காகச் சுறா உலவும் பகுதிக்குள் போயின. பசி எவ்வளவோ அவ்வளவு துணிவு.

விளங்காத பழக்கங்களும் உண்டு. உடலில் கருவி சுமந்து வீடு திரும்பிய பேராமை ஒன்று, ஒரே சீரான வேகத்தில் எழுபது முறைக்கும் மேல் வட்டமடித்ததை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்டார்கள். எல்லாத் திசையிலும் உடலைத் திருப்பிக் காந்தப்புலத்தை அளந்து பார்க்கிறதோ என்பது ஓர் ஊகம். கரிபியன் கடலின் மார்த்தினிக் தீவருகே இளம் பேராமைகள் நீருக்குள் பத்து வகை ஒலிகளை எழுப்புவதும் பதிவாகியிருக்கிறது. எதற்காக என்பது இனிமேல்தான் தெரியவேண்டும்.

உடலெங்கும் கட்டிகளோடு ஆமைகளின் படங்களைப் பார்க்கிறோமே, அது என்ன நோய்?

ஃபைப்ரோபாப்பிலோமடோசிஸ். 1938இல் புளோரிடா ஆமையொன்றில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ் இதனோடு தொடர்புடையது. பிற கடலாமைகளுக்கும் வரும். மிகுதியாக வாட்டுவது பேராமையைத்தான். கட்டி உயிரைக் குடிக்கும் புற்றாக இல்லாவிட்டாலும், கண்ணை மூடினால் ஆமைக்கு இரை தெரியாது. துடுப்படியில் வளர்ந்தால் நீந்த முடியாது. நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் வளர்ந்தால் பிழைப்பது அரிது.

ஆழ்கடலிலிருந்து அப்போதுதான் வந்துசேரும் இளம் ஆமைகளிடம் கட்டிகள் இருப்பதில்லை. கரையோரத்துக்கு வந்த பின்பே தோன்றுகின்றன. உரமும் கழிவும் கலந்து கெட்ட நீருள்ள இடங்களில் நோய் மிகுதியாகக் காணப்படுவதால், வைரஸோடு சூழலும் சேர்ந்தே நோயை உண்டாக்குகிறது என்று பலர் கருதுகிறார்கள். ஆமையின் உடலில் ஒட்டி வாழும் அட்டைகள் வைரஸைப் பரப்பலாம் என்ற ஐயமும் இருக்கிறது. புளோரிடாவின் மாரத்தான் நகரில் 1986 முதல் இயங்கும் ஆமை மருத்துவமனையில் லேசர் கொண்டு கட்டிகளை அகற்றுகிறார்கள். சிலவற்றுக்கு மீண்டும் வளரும். சில ஆமைகள் சிகிச்சையே இன்றிக் குணமடைவதும் உண்டு. அந்தத் தானாகக் குணமாகும் உடல்கள்தான் இப்போது ஆய்வாளர்களை ஈர்க்கின்றன.

பிளாஸ்டிக்கை ஏன் தின்கிறது?

தன் உணவைப் போலத் தோன்றுவதால். சைப்ரஸ் கரையில் இறந்து கிடந்த பேராமைகளின் குடலை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், பச்சை, கறுப்பு நிறத் தாள் போன்ற துண்டுகளே மிகுந்திருந்தன. கடற்புல்லின் வடிவம் அது. கடலாமைகளின் உடற்கூறாய்வுப் பதிவுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டுக் கணக்கு, 14 துண்டுகளை விழுங்கிய ஆமைக்குச் சாகும் வாய்ப்பு 50 விழுக்காடு என்று மதிப்பிட்டது.

குளிர் தாங்குமா?

தாங்காது. நீரின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் உடல் மரத்து மிதக்கத் தொடங்கும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸைத் தாக்கிய கடுங்குளிரில் 12,000க்கும் மேற்பட்ட ஆமைகள், பெரும்பாலும் பேராமைகள், இப்படி மரத்துப்போயின.

இப்போது பெண் ஆமைகளே பிறக்கின்றன என்பது உண்மையா?

சில கரைகளில் உண்மை. முட்டை கிடக்கும் மணலின் வெப்பம்தான் குஞ்சின் பாலினத்தை முடிவுசெய்கிறது. ஏறத்தாழ 29 டிகிரியில் இரண்டும் சமமாகப் பிறக்கும். அதற்கு மேலே போனால் பெண் மிகும். வாலின் நீளத்தை வைத்து ஆண் பெண் சொல்வது வளர்ந்த ஆமைகளுக்கே முடியும். இளம் ஆமைகளுக்கு இரத்தத்திலுள்ள ஹார்மோனை அளக்கவேண்டும். அப்படி அளந்து 2018இல் வெளியான ஆய்வு, ஆஸ்திரேலியப் பவளத்திட்டின் வடபகுதிக் கரைகளில் பிறந்த இளம் ஆமைகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் பெண் என்றது. வளர்ந்த ஆமைகளில் அது சுமார் 87 விழுக்காடு. குளிர்ந்த தென்பகுதியில் 65 முதல் 69 விழுக்காடுதான். தலைமுறைகளுக்கு இடையே ஏறிவரும் இந்த எண்களைக் கண்டு நான் அஞ்சுகிறேன். இன்று பிறக்கும் குஞ்சு முட்டையிட வருவதற்குள் கால் நூற்றாண்டு கடந்துவிடும். ஆண் பற்றாக்குறையின் விளைவும் அப்போதுதான் கரையில் தெரியும்.

எண்ணிக்கை கூடுகிறதா, குறைகிறதா?

உலக அளவில் கூடுகிறது. 1982 முதல் அழிவாபத்துப் பட்டியலில் இருந்த பேராமையைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2025 அக்டோபரில் ‘தீவாய்ப்புக் கவலை குறைந்த’, அதாவது அழியும் ஆபத்து குறைவான, இனமாக மாற்றியது. 1970களிலிருந்து எண்ணிக்கை சுமார் 28 விழுக்காடு உயர்ந்திருப்பதாக அந்த மதிப்பீடு சொல்கிறது. முட்டையிடும் கரைகளைப் பல பத்தாண்டுகள் காத்ததன் பயன் இது, மனமார மகிழலாம். ஆனால் உலகக் கணக்கு ஒவ்வொரு கரைக்கும் பொருந்தாது. உலகின் மிகப்பெரிய முட்டையிடும் இடமான ஆஸ்திரேலியாவின் ரெய்ன் தீவில் ஆமைக்குப் பஞ்சமில்லை. 2020இல் வெளியான டிரோன் கணக்கெடுப்பு தீவைச் சுற்றி 64,000 ஆமைகள் வரை காட்டியது. இருந்தும் முட்டைகள் நீரில் மூழ்கி, பொரிக்கும் விகிதம் அங்கே தாழ்ந்து கிடக்கிறது.

கருவி பொருத்துவது ஆமைக்குத் துன்பம் தராதா?

கருவியை ஓட்டின்மேல் பசையால் ஒட்டுகிறார்கள். சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ தானே உதிர்ந்துவிடும். நீர் இழுப்பைக் கூட்டும் என்பதால் கருவியைச் சிறிதாக்குவதில் இன்னும் வேலை இருக்கிறது. முட்டையிட்டு முடித்துக் கடலுக்குத் திரும்பும் நேரத்தில் ஒட்டுவதே வழக்கம். முட்டையிடும் முன் ஆமையைக் கலைத்தால் அது முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும்.

துடுப்பில் பட்டை உள்ள ஆமையைக் கண்டால் என்ன செய்யவேண்டும்?

ஆமை உயிரோடு இருந்தால் பட்டையைக் கழற்றாதீர்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் படம் எடுங்கள். இடம், தேதி, ஓட்டின் ஏறத்தாழ நீளம், உடலில் காயமோ கட்டியோ உண்டா என்பதையும் எழுதிவையுங்கள். பட்டையின் மறுபக்கம் முகவரி இருக்கும். அங்கே அனுப்பினால், அந்த ஆமை எந்த ஆண்டு எந்தக் கரையில் பட்டையிடப்பட்டது என்ற பதில் உங்களுக்கு வரும். வெளிச்சம் அடிக்காமல், முன்பக்கம் போய் நிற்காமல், பின்னால் தள்ளி நின்று பாருங்கள். இறந்து கிடந்தாலும் எண் முக்கியம், அதையும் தெரிவியுங்கள்.